சொந்த வளவுக்குத் திரும்பியதும்: முதல் வாரங்களில் கவனிக்க வேண்டியவை

பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்புகிறீர்கள். வளவு பற்றை மண்டிக் கிடக்கலாம், வீட்டுக்குக் கூரை இல்லாதிருக்கலாம், கிணறு பாழடைந்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் துப்புரவாக்கி முடிக்க மனம் அவசரப்படும். அந்த அவசரத்தில் ஆபத்து நேராமலிருக்கக் கீழ்வருவனவற்றைக் குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருங்கள்.

வளவு

உங்கள் காணியில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்து அது கையளிக்கப்பட்டுள்ளதா என முதலில் கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். கையளிக்கப்பட்ட காணியிலும் பதுங்குகுழி, மலசலகூடக் குழி, இடிந்த சுவர் ஆகியவற்றுக்குள் வெடிபொருள் தப்பிக் கிடக்கலாம். ஆகவே பற்றைக்கும் குப்பைக்கும் தீ வைக்காதீர்கள். மண்ணுக்குள் இருப்பது சூட்டில் வெடிக்கலாம். வெட்டியதை ஒரு மூலையில் குவித்து உக்க விடுங்கள்.

இன்னதென்று தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடவோ, நகர்த்தவோ, கல் எறியவோ வேண்டாம். வந்த வழியே திரும்பி வந்து, மற்றவர்கள் கிட்டப் போகாதபடி தூரத்தில் அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ (119) அறிவியுங்கள். பழைய இரும்பு பொறுக்கி விற்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். அது உயிராபத்து என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கிணறு

நீண்டகாலம் பாவிக்காத கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். அடியில் நச்சு வாயு தங்கியிருக்கலாம், வெடிபொருளும் கிடக்கலாம். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் இறந்துபோவதுண்டு. மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை. மூச்சு எடுப்பவர் அறியாமலே மயங்கிவிடுவார். இயந்திரத்தை மேலே வைத்தே இறையுங்கள்.

இறைத்தபின் குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடுங்கள். அதுவரை குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே குடியுங்கள். கிணற்றுக் கட்டு இடிந்திருந்தால், கட்டி முடியும்வரை சுற்றிவர உறுதியான வேலி அடையுங்கள்.

விளக்கு, மண்ணெண்ணெய், மருந்து

வெறும் போத்தலில் திரி போட்டுச் செய்யும் குப்பி விளக்கு, கை பட்டாலே உருண்டு எண்ணெய் சிந்தித் தீப்பிடிக்கும். தறப்பாளும் கிடுகும் நொடியில் பற்றிவிடும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர வடிவமைத்த பாதுகாப்பான விளக்கு கட்டையானது, பாரமானது. இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. விளக்கு வாங்கும்போது இந்த அம்சங்களைப் பாருங்கள். எரியும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், படுக்கமுன் அணைத்துவிடுங்கள்.

தீக்காயத்தின் மேல் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விடுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூச வேண்டாம்.

மண்ணெண்ணெய், பூச்சிநாசினி என்பவற்றைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். பிள்ளை தண்ணீர் என்று குடித்துவிடும். அவற்றைப் பூட்டி வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

இரவு

நிலத்தில் படுப்பதானால் நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகுங்கள். நுளம்பை மட்டுமன்றிப் பாம்பையும் அது தடுக்கும். வெளியே போகும்போது ரோர்ச்சும் செருப்பும் வேண்டும். சில பாம்புகள் கடித்தால் வலியோ அடையாளமோ தெரியாது. காலையில் ஒருவருக்குக் கண்ணிமை சோர்ந்தாலோ, வயிற்றுவலி வந்தாலோ பாம்புக்கடியாக இருக்கலாம் எனச் சந்தேகியுங்கள். கடிபட்ட இடத்தை வெட்டாமலும் இறுக்கிக் கட்டாமலும், நோயாளியை நடக்க விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. இவ்விலக்கத்தையும் 119ஐயும் எல்லோரும் காணும் இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.