ஒரே வீட்டில் இரண்டு குடியுரிமை

வாழ்க்கைத் துணையோடு வேறொரு நாட்டில் குடியேறுவது என்றதும் இன்று பலருக்கு லண்டனும் டொரண்டோவும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இலங்கையின் பதுளை மாவட்டத்தில் வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதுவும் பெரும்பாலும் தம் விருப்பத்தைக் கேளாத சூழ்நிலையில், அந்த அனுபவத்தைக் கடந்து வந்தன. கணவன் எந்த நாட்டவன், மனைவி எந்த நாட்டவள், பிள்ளைகள் யாரைச் சேர்ந்தவர்கள் என்ற கேள்விகளை அவர்களுடைய லயங்களுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், கொண்டுவந்தவை 1948 முதல் இயற்றப்பட்ட சட்டங்களே ஆகும்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோரின் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள், அதாவது எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர்கள் ஆக்கியது. அதைத் தொடர்ந்து 1949இல் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவின் மூலம் குடியுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது எனினும், மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. அத்துடன், விண்ணப்பிக்கும் ஆணின் மனைவியும் இலங்கையிலேயே தொடர்ந்து வாழ்ந்தவளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பிரசவத்துக்கோ பெற்றோரைப் பார்க்கவோ தமிழகத்துக் கிராமத்துக்குப் போய்வருவது வழக்கமாயிருந்த ஒரு சமூகத்தில், மனைவியின் பயணம் கணவனின் உரிமைக்கே தடையாக மாறக்கூடிய நிலை இவ்வாறு உருவானது. விண்ணப்பித்த சுமார் 8.25 இலட்சம் பேரில் ஏறத்தாழ 1.34 இலட்சம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது.

எஞ்சியோரின் எதிர்காலம் 1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்களாகப் பங்கிடப்பட்டது. 9.75 இலட்சம் பேரில் 5.25 இலட்சம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதி 1.5 இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்றும் இரு அரசுகளும் உடன்பட்டன. அந்த மீதியை 1974இல் இருநாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது சுமார் 7 இலட்சம் பேர் இலங்கைக் குடியுரிமையையும் சுமார் 4 இலட்சம் பேர் இந்தியக் குடியுரிமையையும் கேட்டனர் என்பதால், மக்களின் விருப்பமும் அரசுகளின் கணக்கும் தொடக்கத்திலேயே பொருந்தாமல் போயின. பெற்றோரும் மணமான பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் வெவ்வேறு பட்டியல்களில் விழுந்தனர். கொண்டும் கொடுத்தும் உறவு வளர்த்த தோட்டங்களில், பெண் எடுத்த வீடு ஒரு நாட்டுக்கும் பெண் கொடுத்த வீடு மறு நாட்டுக்கும் உரியதாயிற்று.

இந்தியக் குடியுரிமை பெற்றவர்கள் ஊழியர் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் பெற்றுக்கொண்டு, ரயிலில் தலைமன்னார் சென்று, கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழகத்துக்குள் நுழைந்தனர். அரசின் ஏடுகளில் அவர்கள் தாயகம் திரும்பியோர் எனப்பட்டாலும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தியா முன்பின் பார்த்திராத நாடாகவே இருந்தது. கணவனுக்கோ மனைவிக்கோ சொந்தக் கிராமத்தில் நெருங்கிய உறவு எஞ்சியிருந்தால், மற்றவர் அந்த உறவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரை அறிய முடிந்தது. அத்தகைய உறவு அற்றுப்போயிருந்த இடங்களில் இருவரும் ஒருவருக்கொருவர் மட்டுமே துணையாக நின்றனர்.

இங்கே கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. தோட்டத்துக் குடும்பம் இருவரின் கூலியில் நடந்த குடும்பம். கொழுந்து பறிக்கும் பெண் தன் பெயரில் சம்பளம் வாங்கியவள். மறுவாழ்வுத் திட்டங்களோ குடும்பத்தையே அலகாகக் கொண்டு, பலருக்கு வியாபாரக் கடன் ஒன்றை மட்டும் வழங்கின. கடை நடத்தியறியாத குடும்பங்கள் வறண்ட சமவெளி ஊர்களில் அந்தப் பணத்தைக் கொண்டு நிலைகொள்ள இயலாமல் தடுமாறியபோது, முதலில் வருமானத்தை இழந்தவள் மனைவியே. பலர் நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களுக்கு மலையேறியதற்குக் குளிர்ந்த காலநிலை மட்டும் காரணமன்று. கணவன், மனைவி இருவருக்கும் கைவந்த வேலை அங்கே இருந்தது. தாயகம் திரும்பியோருக்கென்றே 1968இல் தொடங்கப்பட்டுப் பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்த அரசுத் திட்டமும், கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் சுள்ளியா பகுதி ரப்பர்த் தோட்டங்களும், இருவரும் உழைக்க இடமளித்ததாலேயே குடும்பங்கள் வேரூன்ற உதவின. ஆயினும் சிலோன்காரர் என்ற அடையாளமும், பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவதில் ஏற்பட்ட இழுபறியும் அடுத்த தலைமுறையையும் தொடர்ந்தன.

இலங்கையிலேயே தங்கியவர்களுக்குத் திருமணம் வேறு வகையில் சோதனையானது. வம்சாவளிக் குடியுரிமை, அதாவது பெற்றோர் வழியாகப் பிறப்பிலேயே கிடைக்கும் குடியுரிமை, முறைப்படி மணமான தம்பதியரின் பிள்ளைகளுக்கு 2003 வரை தந்தை வழியாகவே சென்றது. ஆகவே இலங்கைக் குடியுரிமை பெற்ற ஒரு பெண் நாடற்ற ஆணை மணந்தால், அவள் பெற்ற பிள்ளைக்கு அவளது உரிமை போய்ச் சேரவில்லை. 2003இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் தாய், தந்தை இருவரில் எவர் வழியாகவும் குடியுரிமை செல்லலாம் என்று ஆக்கியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிய தனிச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது.

ஆனால் கடலின் மறுகரையில் இந்தச் சிக்கல் இன்னும் ஓயவில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழகம் வந்து மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோரில் மலையக வம்சாவளியினரும் உள்ளனர். செல்லத்தக்க ஆவணமின்றி நுழைந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என வகைப்படுத்தும் இந்தியச் சட்டம், அவ்வாறானவர் இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தாலும் பதிவின் மூலம் குடியுரிமை பெற இடந்தருவதில்லை. 2004 டிசம்பர் 3 முதல் அத்தகைய பெற்றோர் ஒருவருக்குப் பிறக்கும் குழந்தையும், மற்றவர் இந்தியராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடியுரிமை பெறுவதில்லை.

எனவே பதுளைத் தோட்டங்களின் வரலாறு பழங்கதையன்று. புலம்பெயரும் தம்பதியரை அரசுகள் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு அது தெளிவான பாடமாகும். எண்ணிக்கையை நிரப்புவதற்காக மனிதர்களைப் பங்கிடுவது குடும்பங்களை உடைக்கும். துணையின் ஆவணத்தை ஒருவரின் உரிமைக்குத் தடையாக்குவது திருமணத்தையே தண்டனையாக மாற்றும். கணவன், மனைவி இருவருக்கும் தத்தம் பெயரிலான ஆவணம், தத்தம் கைக்கு வரும் வருமானம், இருவரில் எவர் வழியாகவும் பிள்ளைக்குச் சேரும் குடியுரிமை ஆகிய மூன்றும் உறுதியானால்தான் ஒரு குடும்பம் புதிய நாட்டில் காலூன்ற முடியும். வெலிமடைத் தோட்டங்களிலிருந்து புறப்பட்டவர்களுக்கு இம்மூன்றும் ஒருசேரக் கிடைக்கவில்லை. இன்று முகாம்களில் பிறக்கும் குழந்தைகளுக்கேனும் அவை கிடைக்கச் செய்வது இரு நாட்டு அரசுகளின் கடமையாகும்.