கூலி இல்லாத கோபுர வேலை

தென் அமெரிக்காவில் சிலி நாட்டைச் சேர்ந்தது சிலோயே தீவு. அங்குள்ள பழைய தேவாலயங்கள் மரத்தால் கட்டியவை. கடலைப் பார்த்து நிற்கும் கோபுரமே படகுக்காரருக்குக் கரை அடையாளம். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆச்சாவோ தேவாலயத்தில் இரும்பாணிக்குப் பதில் மரமுளைகள்தான். (ஆணி வியாபாரிகள் மன்னிக்க!) 2000-ல் 16 தேவாலயங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2002 மார்ச்சில் வீசிய புயலில் சோன்சி ஊர்க் கோபுரம் விழுந்தது. பிறகு மீண்டும் எழுப்பினார்கள்.

ஓயாத மழையில் மரம் உளுத்துப்போகும். தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காத்து வந்தது 'மிங்கா' என்னும் ஊர்க்கூட்டு வேலை. கூலி கிடையாது. ஆனால் செலவே இல்லை என்று எண்ண வேண்டாம். வேலைக்கு அழைப்பவர், வந்தவர்களுக்கு வயிறார உணவிட வேண்டும். நாளை அவர்கள் அழைத்தால் இவரும் போக வேண்டும். பேரேட்டில் ஏறாத கைமாற்று என்றே இதை நான் சொல்வேன்.