பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் நியாய விலையை மதிப்பிடுதல்

சீரமைக்கப்படாத பழைய காருக்குச் சந்தையில் நிலையான விலை கிடையாது. கொட்டகையில் நிற்கும் ஒரே காரைப் பழைய இரும்பு வியாபாரி எடைக்குக் கேட்பார். பழைய கார் ஆர்வலர் லட்சத்தில் கேட்பார். இவ்விரு விலைகளுக்கும் இடையே நியாய விலை எங்கே நிற்கிறது என்பதை, இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பகுதியில் பெரும்பாலும் துருவே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

ஹெரால்டும் அதன் உறவும்

டிரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. இதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிகேலோட்டி. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இதனை 948 சி.சி. இன்ஜினுடன் தயாரித்தது. முதலில் இரண்டு கதவுகளும், பின்னர் வந்த மூன்றாம் மாதிரியில் நான்கு கதவுகளும் இருந்தன.

1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி உருவாக்கப்பட்டதே. சோழவரம் பந்தயங்களிலும் மாற்றியமைக்கப்பட்ட ஹெரால்டு கார்கள் ஓடின. குடும்பக் காரான இதனை இன்றும் ஆர்வலர்கள் தேடுவதற்கு இவையும் காரணங்கள்.

கடற்காற்றும் துருவும்

மண்டபம் நிலமுனைக்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. தென்மேற்குப் பருவக் காற்று ஒரு பக்கமும் வடகிழக்குப் பருவக் காற்று மறுபக்கமும் உப்பைக் கொண்டுவருகின்றன. உலோகத்தின் மீது படியும் உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி மெல்லிய நீர்ப்படலமாகிறது. அதில் உள்ள குளோரைடு இரும்பின் அரிமானத்தை விரைவாக்குகிறது. பாம்பன் ரயில் பாலத்தின் பராமரிப்பு பெரும் சவாலாக இருந்ததற்கு இதுவே காரணம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமான ஆய்வுக்காக மண்டபத்தைத் தேர்ந்ததும் இதனால்தான்.

கடலிலிருந்து உள்ளே செல்லச் செல்ல உப்புப் படிவு வேகமாகக் குறையும். எனவே இராமநாதபுரம் நகருக்குள் நின்ற காரும் தங்கச்சிமடத்தில் நின்ற காரும் ஒரே ஆண்டு மாதிரியாக இருந்தாலும் ஒரே விலை பெறுவதில்லை. கார் எத்தனை ஆண்டுகள் எங்கே நின்றது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இராமேசுவரம் தீவுக்குச் சாலைப் பாலம் 1988-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே தீவில் நிற்கும் பல பழைய கார்கள் தம் ஆயுளின் முதற்பகுதியை வேறு ஊரில் கழித்தவையாக இருக்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்

அம்பாசிடர், ஃபியட் 1100 ஆகியவற்றில் உடலும் சட்டமும் ஒன்றே. ஹெரால்டில் அடிச்சட்டம் தனி. உடல் பகுதிகள் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டவை. ஆதலால் கதவுக்குக் கீழுள்ள தகட்டில் காணப்படும் துரு, அம்பாசிடரில் வண்டியின் வலிமையையே பாதிக்கும்; ஹெரால்டில் அந்தத் தகட்டை மாற்றினால் பெரும்பாலும் போதும். ஆனால் ஹெரால்டின் அடிச்சட்டம் அரித்திருந்தால் உடலையே கழற்றி வேலை செய்ய நேரிடும்.

எனவே காரைத் தூக்கி நிறுத்தி, அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் பின்பக்க இணைப்பு இடங்களையும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான ஓசை எழுந்தாலோ செதில் உதிர்ந்தாலோ உள்ளே அரிப்பு உண்டு. துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கக்கூடும். கதவு இடுக்கின் அகலம் மேலும் கீழும் வேறுபட்டால், சட்டம் தொய்ந்திருக்கிறதா என ஆராய வேண்டும். புதுப் பெயிண்டைவிட, மங்கிய பழைய பெயிண்ட் உண்மை நிலையைத் தெளிவாகக் காட்டும்.

விலைக் கணக்கு

நல்ல முறையில் சீரமைத்த அதே மாதிரி கார் விற்கும் விலையிலிருந்து, சீரமைப்புச் செலவையும் எதிர்பாராச் செலவையும் கழிக்க வேண்டும். விளக்கத்திற்காக ஒரு கணக்கு:

சீரமைத்த காரின் விலை: ரூ. 6,00,000
டிங்கரிங், பெயிண்ட்: ரூ. 2,00,000
இன்ஜின், பிரேக், வயரிங்: ரூ. 90,000
இருக்கை, கண்ணாடி, குரோம்: ரூ. 60,000
எதிர்பாராச் செலவு 20 விழுக்காடு: ரூ. 70,000
மீதி: ரூ. 1,80,000

இந்த மீதியே வாங்குபவர் தரக்கூடிய உச்ச விலை. அடிச்சட்ட வேலைக்கு மேலும் ரூ. 1,20,000 தேவையெனில், அதற்கான எதிர்பாராச் செலவும் சேர்ந்து ரூ. 1,44,000 குறையும், மிஞ்சுவது ரூ. 36,000 மட்டுமே. துருவை அடியில் பாராமல் விலை பேசுபவர் இழக்கும் தொகை அந்த ரூ. 1,44,000 ஆகும். மறுபுறம், அடிச்சட்டம் உறுதியாக உள்ள காரை எடைக்கு விற்கும் குடும்பமும் இதே போல் ஏமாறும். கழற்றி விற்கக்கூடிய பாகங்களின் மதிப்பை விற்பவர் தம் குறைந்தபட்ச விலையாகக் கொள்ளலாம்.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்குப் பதிவை மாற்றிய பிறகே விற்பது நல்லது. இதற்குப் படிவம் 31 உள்ளது.

2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தனிப்பயன் வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக் கட்டணம் ரூ. 20,000, பதிவு 10 ஆண்டுகள் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கு இவ்வண்டியைப் பயன்படுத்த இயலாது. அடிச்சட்டம், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் விதி. எனவே வேறு வண்டியின் இன்ஜின் பொருத்தப்பட்ட ஹெரால்டு நன்றாக ஓடினாலும், அசல் இன்ஜினுடன் ஓடாமல் நிற்கும் ஹெரால்டைவிடக் குறைந்த விலைக்கே உரியதாகலாம்.