எந்த டாங்கி, எந்த நாள்?

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானைத் தெரியாத திருநெல்வேலிக்காரர் குறைவு. மரத்தைக் கடைசல் பிடித்து, அரக்குச் சாயம் ஏற்றி, ஒரு சமையற்கட்டையே உள்ளங்கைக்குள் அடக்கிவிடுவார்கள். அதில் உரலும் குடமும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருந்தாலும் குழந்தைக்குக் கவலையில்லை. விளையாட்டுக்கு அது போதும். ‘ஸ்கேல் மாடல்’ எனப்படும் அளவு மாதிரி வேறொரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அசலின் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும். வண்டியின் நீளத்தை 35-ஆல் வகுத்தால் அதிலுள்ள போல்ட்டின் தலையையும் 35-ஆல்தான் வகுக்க வேண்டும்.

ஏன் 35? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் பொம்மையாகச் செய்தது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்க எவ்வளவு இடம் வேண்டுமோ, அதற்கேற்ப உடலின் அளவு அமைந்தது. பிறகு கணக்குப் பார்த்தபோது அது அசலில் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்காக இருந்தது. அந்த எண்ணே இன்று உலகெங்கும் ராணுவ மாடல்களின் பொது அளவாகிவிட்டது.

இந்த அளவில் இத்தாலியின் எம் 13/40 டாங்கியைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அசல் 4.92 மீட்டர் நீளம். மாடல் 14 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதன் 26 சென்டிமீட்டர் அகலச் சங்கிலி இங்கே ஏழரை மில்லிமீட்டர்கூட வராது. குண்டைத் தடுக்கும் 30 மில்லிமீட்டர் முன்தகடு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் தகடாகிவிடும்.

வகுத்தல் பள்ளிக் கணக்கு. எதை வகுப்பது என்று அறிவதுதான் பெரிய வேலை. கிட் பெட்டியில் வருகிற பாகங்கள் பல வண்டிகளின் சராசரி. போர்க்களத்தில் சராசரி வண்டி என்று ஒன்று நின்றதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு படைப்பிரிவு, ஒரு கீறல் இருந்தது. எனவே மாடல் கட்டுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்த டாங்கி, எந்த நாள்?

நம் படை கண்ட வண்டி

எங்கோ இத்தாலியில் செய்த டாங்கிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. 1940 டிசம்பர் 9 அதிகாலை, எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் நிபேய்வா என்ற இத்தாலிய முகாமைத் தாக்கியது இந்திய ராணுவத்தின் 4-வது டிவிஷன். அதன் 11-வது காலாட்படை பிரிகேடுக்கு முன்னால் பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகள் சென்றன. முகாமுக்கு வெளியே இருபதுக்கும் மேற்பட்ட இத்தாலிய எம் 11/39 டாங்கிகள் நின்றிருந்தன. அவற்றின் வீரர்கள் இன்ஜினைச் சூடேற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகாமின் தளபதி மலெட்டி அன்றே இறந்தார். மட்டில்டாவின் முன்கவசம் 78 மில்லிமீட்டர். எம் 11-இன் 37 மில்லிமீட்டர் பீரங்கியால் அதைத் துளைக்க முடியவில்லை.

அதே 4-வது டிவிஷன் அடுத்து எரித்திரியாவுக்குச் சென்று, 1941 மார்ச் 27-ல் கேரன் வீழ்ந்த போரிலும் நின்றது. அதன் பொறியியல் பிரிவில் தமிழர்கள் நிறைந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் இருந்தன. கண்ணிவெடி எடுப்பது, பாதை போடுவது, பாலம் கட்டுவது அவர்கள் வேலை. இத்தாலியின் கவச வண்டிகளை நம்மவர்கள் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, எதிரே பார்த்தவர்கள். ஆகவே நம் ஊர் மாடல்காரருக்கு நிபேய்வாவின் எம் 11/39 இயல்பான முதல் தேர்வு.

பெயரே பாதிக் குறிப்பு

இத்தாலியர் பெயர் வைத்த முறை நமக்கு உதவும். ‘எல்’ என்றால் இலகு வகை, ‘எம்’ என்றால் நடுத்தரம். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது டன் கணக்கில் எடை. பின்னால் இருப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆண்டு. எல் 3/33 மூன்று டன் வண்டி, 1933. பிரிட்டனின் கார்டன் லாய்ட் வண்டியைப் பின்பற்றிய அந்தக் குட்டி வாகனத்தின் உயரம் 1.3 மீட்டர்தான். இரண்டு பேர், ஆயுதம் இயந்திரத் துப்பாக்கி. சுழலும் மேல்கூண்டு, அதாவது டரட், கிடையாது.

எம் 11/39-ல் டரட் உண்டு, ஆனால் அதில் இருப்பவை இயந்திரத் துப்பாக்கிகள். பீரங்கியோ உடலின் முன்பக்கம், வலது புறத்தில் பதிந்திருக்கும். பக்கவாட்டில் வரும் எதிரியைச் சுட வண்டியையே திருப்ப வேண்டும். இந்தக் குறையை அடுத்த வண்டியான எம் 13/40-ல் தீர்த்தார்கள். 47 மில்லிமீட்டர் பீரங்கி டரட்டுக்கு ஏறியது. இயந்திரத் துப்பாக்கிகளில் இரண்டு உடலின் முன்பக்கத்துக்கு இறங்கின. சக்கர அமைப்பில் பெரிய மாற்றமில்லை: ஒரு பக்கத்துக்கு எட்டு சிறு இரட்டைச் சக்கரங்கள், லாரியில் உள்ளதைப் போன்ற லீஃப் ஸ்பிரிங், முன்னால் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். எம் 14/41, எம் 13/40-இன் இரட்டைப் பிறவி போலத் தோன்றும். உள்ளே 125 குதிரைத்திறன் டீசல் இன்ஜினுக்குப் பதில் 145 குதிரைத்திறன் இன்ஜின். வெளியே பார்த்தால் மட்கார்டு வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும். இன்ஜின் மேல்தட்டில் காற்றுப் போகும் கம்பித்தடுப்பின் திசையும் மாறியிருக்கும். மட்கார்டை மட்டும் நம்பக் கூடாது. சில எம் 13-களிலும் நீள மட்கார்டு உண்டு.

எம் 15/42-ஐக் கண்டுபிடிப்பது எளிது. முந்தைய இரண்டிலும் பக்கக் கதவு இடப்புறம், இதில் வலப்புறம். பெட்ரோல் இன்ஜினுக்காக உடல் 14 சென்டிமீட்டர் நீண்டது. 1/35-ல் அது நான்கு மில்லிமீட்டர். எம் 13 கிட்டை வாங்கி வந்து எம் 15 என்று எழுதி வைத்தால், விவரம் தெரிந்தவர் கண்ணில் அந்த நான்கு மில்லிமீட்டர் உடனே படும்.

கருப்பு வெள்ளைப் படத்தைப் படிப்பது

போர்க்காலப் படங்களே முதல் ஆதாரம். ஆனால் அவை எளிதில் ஏமாற்றும். இத்தாலியர்கள் 1938 முதல் டாங்கியின் டரட்டில் ஒரு வண்ணச் செவ்வகம் பூசினார்கள். முதல் கம்பெனிக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள், நான்காவதுக்குப் பச்சை. செவ்வகத்துக்குள் நிற்கும் வெள்ளைக் கோடுகளை எண்ணினால் எத்தனையாவது பிளாட்டூன் என்று தெரியும். மேலே உள்ள எண் அந்தப் பிளாட்டூனில் வண்டியின் இடம்.

கருப்பு வெள்ளையில் இந்த நிறங்களைப் பிரிப்பது எப்படி? படச்சுருளின் வகையைப் பொறுத்தது. ‘ஆர்த்தோகுரோமாட்டிக்’ சுருள் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு கருப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். ‘பான்குரோமாட்டிக்’ சுருளில் எல்லா நிறங்களும் ஓரளவு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஏற்பவே பதியும். ஒரே படத்தில் நிறம் உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இத்தாலிய ராணுவ எண் தகட்டில் எழுத்து சிவப்பு, எண் கருப்பு. இரண்டும் ஒரே கருமையாகத் தெரிந்தால் சிவப்பை உணராத சுருள் என்று ஊகிக்கலாம். அப்போது கருத்துத் தெரியும் செவ்வகம் முதல் கம்பெனியுடையதாக இருக்க வாய்ப்பு உண்டு.

வண்டியின் அடிநிறத்திலும் காலம் பேசும். 1940-ல் லிபியாவுக்குக் கப்பலேறிய வண்டிகள் பல ஐரோப்பாவுக்கான சாம்பல் பச்சையிலேயே போயின. மணல் நிறம் பொதுவானது பின்னர்தான். பாலைவனம் என்றாலே மஞ்சள் பூசுவது பழக்கம். நிபேய்வா வண்டிக்கு அப்பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

படத்தின் தலைப்பையும் சந்தேகப்பட வேண்டும். 1941 ஜனவரியில் லிபியாவின் தொப்ருக்கில் ஆஸ்திரேலியர்கள், பிடிபட்ட இத்தாலிய டாங்கிகளில் பெரிய வெள்ளைக் கங்காருவை வரைந்து, தாங்களே ஓட்டிப் போரிட்டார்கள். கங்காரு தெரியாத கோணத்தில் எடுத்த படம் இத்தாலிய வண்டி என்றே பதிவாகலாம். சிறு பாகங்களிலும் ஆண்டு ஒளிந்திருக்கும். 1940-ல் களம் கண்ட எம் 13/40-களில் பெரும்பாலானவற்றில் வானொலிக் கருவி இல்லை. அந்த வண்டிக்கு ஏரியல் ஒட்டினால் பிழை. 1942-ல் எம் 14 வீரர்கள் முன்தகட்டின் மேல் மணல் மூட்டையும் உபரிச் சங்கிலிக் கண்ணிகளையும் அடுக்கினார்கள். 1940 மாடலில் அவை இருந்தால் அதுவும் பிழை.

அளவு எங்கே கிடைக்கும்

அளவுகளுக்கு அருங்காட்சியக வண்டிகள் நல்ல ஆதாரம். ரோமில் உள்ள செக்கிஞ்ஞோலா ராணுவ வாகன அருங்காட்சியகம், பிரான்சின் சோமூர், இங்கிலாந்தின் பவிங்டன் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நிபேய்வாவில் வென்ற மட்டில்டாவைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். 1994-ல் திறந்த அகமதுநகர் கவசப்படை அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: காட்சிக்கு வைத்த வண்டியின் உடலும் சக்கரமும் நம்பத்தக்கவை, பெயின்ட்டும் விளக்கும் கருவிப் பெட்டியும் பிற்காலத்தில் யாரோ மாட்டியவையாக இருக்கலாம்.

ஏட்டுச் சான்றுகளில் முதலிடம் இத்தாலிய ராணுவத்தின் வரலாற்று அலுவலகம் வெளியிட்ட நிக்கோலா பிஞ்ஞாத்தோ, ஃபிலிப்போ கப்பெல்லானோ இருவரின் போர் வாகன நூல்களுக்கு. டாங்கிகளைக் கட்டிய அன்சால்டோ நிறுவனத்தின் ஆவணங்கள் ஜெனோவாவில் பாதுகாக்கப்படுகின்றன. பிடிபட்ட வண்டிகளின் படங்களுக்கு லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் கான்பெராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகமும் பெரிய சுரங்கங்கள்.

இவை எதிலும் இல்லாத பாகத்தைப் படத்திலிருந்தே அளக்கலாம். வண்டியின் பக்கத்துக்கு நேராக நின்று எடுத்த படம் வேண்டும். சக்கரத்தின் விட்டம் போல அளவு தெரிந்த ஒன்றை அதே தளத்தில் தேடி, அதைக் கொண்டு தெரியாததைக் கணக்கிட வேண்டும். சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் தூரத்துப் பாகம் சுருங்கிவிடும். அதை வைத்து அளந்தால் கணக்கு பொய்க்கும். இரண்டு படங்களில் ஒத்துவந்தாலொழிய எந்த அளவையும் பிளாஸ்டிக்கில் வெட்டக் கூடாது.

ரிவிட் வரிசைக்கு உள்ளூரிலேயே பாடம் உண்டு. இத்தாலியர்கள் கவசத் தகடுகளைப் பெரும்பாலும் பற்றவைக்காமல் சட்டத்தில் போல்ட்டும் ரிவிட்டும் கொண்டு பிணைத்தார்கள். குண்டு பட்டால் அந்தத் தலைகள் உடைந்து உள்ளே பாயும் ஆபத்து இருந்தது. ரிவிட்டுகளின் இடைவெளி, மூலையில் எப்படித் திரும்புகின்றன, துரு எந்த இடத்தில் தொடங்கிக் கீழே வழிகிறது என்பதையெல்லாம் ஒரு பழைய ரயில்வே இரும்புப் பாலத்தின் கீழ் நின்று பார்க்கலாம்.

தாமிரபரணிக் கரையில் ஒரு மேசை

நம் ஊரில் கட்டுகிறவருக்கு இரண்டு உள்ளூர்ச் சிக்கல்கள். ஒன்று, மணல். மாடலை நிறுத்தும் தரைக்குத் தாமிரபரணி மணலை அப்படியே கொட்டத் தோன்றும். ஒரு மில்லிமீட்டர் மணி 1/35-ல் மூன்றரை சென்டிமீட்டர் கல்லாகிவிடும். பாலைவனம் சல்லி கொட்டிய சாலை மாதிரி ஆகும். மெல்லிய சல்லடையில் சலித்த தூள் மட்டுமே பயன்படும். குதிரைமொழித் தேரியின் செம்மணல் நிறத்தால் கண்ணைக் கவரும். அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. நிபேய்வாவின் தரையோ சுண்ணாம்புப் பாறையின் வெளிறிய தூசி. தேரி மண் அங்கே பொருந்தாது.

இரண்டாவது, ஈரப்பதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் ஏர் பிரஷ்ஷின் முனையிலேயே காய்ந்துவிடும். பெயின்ட் வேலையைத் தை, மாசிக்கு ஒதுக்கிவிட்டு, மழை மாதங்களைத் தகவல் தேடுவதற்கு வைத்துக்கொள்வது நல்லது.

இத்தாலியப் பக்கத்துச் சான்றுகள் இவ்வளவு கிடைக்கின்றன. நம் பக்கத்துச் சான்றுகள்தான் குறைவு. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து தோழர்களைக் காத்து உயிர்விட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியத்துக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. அதனால் அவர் பெயர் பதிவில் இருக்கிறது. அவரோடு வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் வேலை செய்த எத்தனையோ பேரின் படங்களும் கடிதங்களும் இன்னும் வீட்டுப் பெட்டிகளில்தான் கிடக்கும். உங்கள் தாத்தாவோ பூட்டனோ அந்தப் போரில் இருந்திருந்தால், பழைய படங்களை வெளியே எடுங்கள். துடைக்காதீர்கள், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தெரிந்த பெயர், ஊர், ஆண்டை உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதியை பெங்களூரில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். படத்தின் ஓரத்தில் உடைந்து கிடக்கும் ஒரு டாங்கி, எந்த வண்டி, எந்த நாள் என்ற கேள்விக்கு உலகத்தில் வேறெங்கும் இல்லாத விடையாக இருக்கக்கூடும்.