கணினிக்கு ஒலிபெருக்கி வாங்குமுன்…

சென்ற மாதம் ஓய்வூதியம் தொடர்பாக எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், கையில் ஓர் அட்டைப்பெட்டியும் வைத்திருந்தார். பேத்தியின் இணையவழி வகுப்பிற்காக 2,400 ரூபாய் கொடுத்து வாங்கிய கணினி ஒலிபெருக்கி அது. பெட்டியின்மேல் “1,000 வாட்” என்று பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. வீட்டிலோ, ஆசிரியரின் குரலோடு ஓயாத இரைச்சலும் சேர்ந்தே கேட்டதாம். “அட்டை மூலம் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?” என்று வருத்தத்துடன் வினவினார். அவருக்கு நாம் கூறிய விளக்கம் பிற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

கணினியில் இருக்கும் பாடலோ பேச்சோ உண்மையில் ஒலியன்று, எண்களின் வரிசையே. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்து வைக்கிறது. இதுவே டிஜிட்டல் ஒலி. கணக்குப் புத்தகத்தில் உள்ள இருப்புத் தொகையைப் போன்றது இது. காய்கறிக் கடைக்காரரிடம் கணக்குப் புத்தகத்தை நீட்ட இயலாது. காசாளர் அதை ரொக்கமாக்கித் தர வேண்டும். அவ்வாறே எண்ணை மின்னலையாக மாற்றித் தரும் ‘காசாளர்’ ஒருவர் ஒலிக்கும் தேவை. அவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதே வாங்குவோர் அறிய வேண்டிய முதற்செய்தி.

கணினியின் பச்சை நிற 3.5 மி.மீ. துளையில் இணைத்தால், மாற்றம் கணினிக்குள்ளேயே நிகழ்கிறது. வெளிவருவது மெல்லிய மின்னலை. வழியில் இரைச்சல் கலக்கக்கூடும். யு.எஸ்.பி. வழியே ஒலியைப் பெறும் ஒலிபெருக்கியில் மாற்றம் அதனுள்ளேயே நிகழ்கிறது. ஆனால் விலை குறைந்த பலவற்றில் யு.எஸ்.பி. மின்சாரத்திற்கு மட்டுமே, ஒலி 3.5 மி.மீ. முனை வழியாகவே செல்லும். இரண்டு முனைகளும் இருந்தால் கடையிலேயே கேட்டுத் தெளிக. ஆப்டிகல் வெளியீடு எண்களை ஒளியாக அனுப்புவதால் கம்பிவழி மின் இரைச்சல் அதில் புகாது. எனினும் ஒலிபெருக்கியிலும் அதற்குரிய துளை இருந்தால்தான் பயன். புளூடூத்தில் கம்பி இல்லை. ஆனால் காட்சிக்கும் குரலுக்கும் இடையே சிறு தாமதம் நேரலாம்.

டிஜிட்டல் வடங்களில் எண்கள் பிழையின்றிச் சேர்ந்தாலே போதும். விலை உயர்ந்த வடம் என்பதற்காக ஒலி இனிமையாகிவிடாது.

அடுத்தது, பெட்டியின்மேல் உள்ள வாட் கணக்கு. பி.எம்.பி.ஓ. என்பது கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்; அதற்கு ஒரே சீரான அளவுமுறை இல்லை. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் குறிப்பது ஆர்.எம்.எஸ். மட்டுமே. யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். அந்தத் துளையிலிருந்து மட்டுமே மின்சாரம் பெறும் ஒலிபெருக்கி, அதற்கு மேற்பட்ட ஆற்றலைத் தொடர்ந்து தர இயலாது. வரவுக்கு மிஞ்சிய செலவு கணக்கில் ஏது? மேசையருகே அமர்ந்து பாடம் கேட்கச் சில வாட் ஆர்.எம்.எஸ். போதுமானது.

இத்தகைய சிறு தொகைக்கு மாதத் தவணையை நாடுமுன், செயலாக்கக் கட்டணத்தையும் அதன்மீதான சரக்கு மற்றும் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுக. தள்ளுபடியாகக் கிடைத்த தொகை அதிலேயே கரைந்துவிடலாம். ரசீதையும், கடை முத்திரையும் தேதியும் இட்ட உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துக. கடைக்காரர் குறையைத் தீர்க்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

நம் வாடிக்கையாளரின் ஒலிபெருக்கி, கணினியின் முன்பக்கத் துளையில் இணைக்கப்பட்டிருந்தது. அத்துளைக்குச் செல்லும் கம்பி, கணினிக்குள் பிற பாகங்களின் அருகே ஓடுவதால் இரைச்சலை ஈர்க்கக்கூடும். பின்பக்கப் பச்சைத் துளைக்கு மாற்றிப் பார்க்குமாறும், அப்போதும் தீராவிட்டால் சில நூறு ரூபாயில் கிடைக்கும் யு.எஸ்.பி. ஒலி இணைப்பானை வாங்குமாறும் கூறினோம். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். துளையை மாற்றியதுமே இரைச்சல் நின்றுவிட்டதாம், செலவு ஏதுமில்லை. “ஆனால் அந்த 1,000 வாட் எங்கே போயிற்று என்றுதான் இன்னும் தெரியவில்லை” என்று சிரித்தார். அது பெட்டியின்மேல் மட்டுமே இருந்தது என்றோம்.