‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ டப்பா வாங்கும் முன்…

ராஜபாளையம் பஞ்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஸ்பிண்டில் வேகம் கூடக் கூட மெஷினில் சூடும் கூடும். புற்றுநோய் செல்லும் அப்படித்தான். ஓயாமல் பெருகும் அதன் ஓட்டத்தில், கண்டதோடும் வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். இதற்குப் பெயர் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்.

இந்த மூலக்கூறுகள் புரதங்களிலும் கைவைக்கும். குறிப்பாக, கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில். சிஸ்டீன் மாறினால் புரதத்தின் மடிப்பு மாறும்; மடிப்பு மாறினால் வேலையும் மாறும். செல்லுக்குக் காவலாளியான பி53 புரதம் இப்படி மாறினால், டிஎன்ஏவைப் பற்றும் பிடியை இழந்துவிடும்.

கீப்1 என்று இன்னொரு புரதம். சாதாரண நேரத்தில் அது என்ஆர்எஃப்2 புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறினால் கீப்1-இன் சிஸ்டீன்கள் மாறி, பிடி விட்டுப்போகும். தப்பிய என்ஆர்எஃப்2, அந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை அடக்கும் குளூட்டாதயோன் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களை செல்லுக்குள்ளேயே தயாரிக்க வைக்கும். நல்ல செல்லுக்கு இது ஆபத்துக்கால கவசம். சில நுரையீரல் புற்றுநோய்களிலோ கீப்1 மரபணு பழுதாகி, செல் எந்நேரமும் கவசத்தோடு திரிகிறது. கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் இதே அழுத்தத்தை ஏற்றித்தான் அந்த செல்லைக் கொல்லப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையை அள்ளிப்போட்டால், யாருக்குக் கவசம் கொடுக்கிறோம்?

இது வெறும் சந்தேகம் அல்ல. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்க ஆய்வொன்றில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் தெரிந்தது. சப்பட்டை மாம்பழத்துக்கும் கீரைக்கும் பயப்பட வேண்டாம். சிக்கல் அதிக அளவு மாத்திரையிலும் பொடியிலும்தான்.

ஆனாலும் ‘புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மருந்து விளம்பரம் செய்வதே குற்றம் என்கிறது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம். உணவுப்பொருள் என்ற பெயரில் விற்றாலும் தப்ப முடியாது: பொய் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஏமாந்தால் மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; வக்கீல் வைக்கும் கட்டாயமும் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில், டப்பா, விளம்பரத் துண்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பொடிக்குப் போகும் பணம் சிகிச்சைக்குப் போகட்டும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே புற்றுநோய் சிகிச்சை பெறலாம். வீட்டில் ஏற்கெனவே அப்படியொரு டப்பா இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மறைக்காமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.