முதல் துப்பாக்கியும் குறுக்குக் காற்றும்

நெய்வேலியிலிருந்து வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கிழக்கே சென்றால், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடல் சேரும் இடத்தருகே செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்களைக் காணலாம். 1751 சூலையில் அக்கோட்டையில் காய்ச்சல் கண்டு உயிர்நீத்தார் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். கிழக்கிந்தியக் கும்பினியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த பொறியாளர் அவர். பறக்கும் குண்டின் இயக்கத்தை ஆராயும் எறியியலைச் சோதனை அறிவியலாக உயர்த்தியவரும் அவரே. நெடுந்தொலைவு சுடக் கற்க விழையும் நெய்வேலி இளைஞர் ஒருவர், தம் முதல் துப்பாக்கி எது, அதன் குழல்விட்டம் எவ்வளவு என்று வினவுவாராயின், அக்கோட்டையிலிருந்து தொடங்குவதே முறை என்பேன்.

ராபின்ஸ் 1742-இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் ஓர் எளிய கருவியை விளக்கினார். மரப்பலகை பதித்த கனத்த ஊசலைத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். குண்டு பதிந்ததும் ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்பதை ஒரு நாடாவால் அளந்தார். குண்டின் நிறையும் ஊசலின் நிறையும் தெரியுமாதலால் குண்டின் வேகம் கணக்கில் வந்துவிட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை நாடாவின் நீளமாக மாற்றிய அந்தச் சோதனையை அறிவியல் வரலாற்றின் அழகிய சோதனைகளுள் ஒன்றாகவே கருதுகிறேன். வெவ்வேறு தொலைவில் ஊசலை நிறுத்திச் சுட்டபோது, வழியில் குண்டு இழந்த வேகமும் வெளிப்பட்டது. அதுவரை காற்றின் தடையைப் பொருட்படுத்தாது வரைந்துவந்த பரவளையப் பாதைகள் பொய்த்தன. முக்கால் அங்குல ஈயக்குண்டு நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் செல்லும்போது, அதன் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேலான விசையோடு காற்று அதை எதிர்க்கிறது. ஒலியின் வேகத்தை ஒட்டி அத்தடை திடுமென உயர்வதையும் அவர் கண்டறிந்தார். உட்சுவரில் சுழல்வரி வெட்டிய குழலே, அதாவது ரைஃபிளே, வருங்காலப் படைக்கலம் என்று 1747-இல் எழுதினார்.

தொலைவு கூடக்கூடச் சுடுநரை வருத்துவது புவியீர்ப்பன்று. ஈர்ப்பின் வீழ்ச்சி என்றும் மாறாதது. ஒருமுறை அளந்து குறிக்கருவியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. மாறிக்கொண்டே இருப்பது குறுக்குக் காற்று. காற்று குண்டின் விலாவைத் தள்ளுவதாகப் பலரும் எண்ணுவர். உண்மையில், சுழன்று செல்லும் குண்டு எதிர்வரும் காற்றை நோக்கித் தன் மூக்கைச் சிறிதளவு திருப்பிக்கொள்கிறது. அதனால் காற்றின் தடையும் அச்சாய்வில் செயற்பட்டுக் குண்டைப் பக்கமாக இழுக்கிறது. தடையில்லையேல் விலகலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி டிடியோன் இதைக் கணக்காக்கினார். வெற்றிடத்தில் இலக்கை அடைய ஆகும் நேரத்தைவிடக் காற்றில் எவ்வளவு தாமதமாகிறதோ, அந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். பறக்கும் முழுநேரமன்று, தாமதம் மட்டுமே கணக்கு.

.22 அங்குலத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் அக்குண்டு 50 மீட்டர் கடப்பதற்குள் நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவில் தாமதிக்கிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள குறுக்குக் காற்று, அதாவது இலைகளை ஓயாது அசைக்கும் அளவுள்ள காற்று, குண்டை ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நகர்த்திவிடும். 50 மீட்டர் போட்டியிலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான்.

குழல்விட்டத்தைத் தெரிவதில் இதுவே அளவுகோல். பெரிய குண்டு தொலைவு போகும் என்பது அரைகுறை உண்மை. முகப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு நிறையைத் தாங்கி வருகிறது, முனை எவ்வளவு கூரியது என்பனவே தாமதத்தைக் குறைக்கும். 6.5 மில்லிமீட்டர் வகைக் குண்டின் மெய்விட்டம் 6.7, நிறை 9 கிராம். 7.62 வகையின் மெய்விட்டம் 7.8, படைத்துறைக் குண்டின் நிறை 9.5 கிராம். வகுத்துப் பார்த்தால், சிறிய குண்டின் முகப்பே ஏறத்தாழ முப்பது விழுக்காடு மிகுதியான நிறையைத் தாங்குகிறது. 1894-இலேயே சுவீடன் படை 6.5-ஐத் தேர்ந்தது, 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் தோட்டாவை உலகின் நெடுந்தொலைவுச் சுடுநர் விரும்பி ஏற்றனர். தோளில் அதன் பின்னுதைப்பும் அளவானது. நம் நாட்டில் உரிமத்தின் பேரில் பலர் வாங்கும் ஈசாப்பூர் .315 துப்பாக்கியின் வரலாறு வேறு. படையின் .303 தோட்டா குடிமக்கள் கையில் சேரலாகாது என்று ஆங்கில அரசு விதித்த தடையால் பிறந்த அளவு அது. மழுங்கிய முனையுடைய அதன் கனத்த குண்டு அண்மை இலக்குக்கு உரியது. சில நூறு மீட்டர் கடந்ததும் சோர்ந்துவிடும். சேலம், தருமபுரிக் காடுகளில் வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் ஏந்திய .405 வின்செஸ்டரும் அவ்வினமே.

புவியின் சுழற்சியும் குண்டைத் திருப்பும் என்று கேள்வியுற்று மலைப்போர் உண்டு. நெய்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11½ பாகையில் உள்ளது. 1000 மீட்டர் தொலைவுக்கு ஒன்றரை நொடி பறக்கும் குண்டு இங்கே வலப்புறம் இரண்டு சென்டிமீட்டர் அளவே விலகும்; ஆஸ்லோ நகரில் ஒன்பதுக்கு மேல் விலகும். ஆனால் கிழக்கு நோக்கிச் சுட்டால் பத்துச் சென்டிமீட்டர் மேலேயும், மேற்கு நோக்கிச் சுட்டால் அதே அளவு கீழேயும் படும். இதில் ஆஸ்லோவைவிட நமக்கே மாற்றம் மிகுதி. எனினும் அதே தொலைவில் காற்றின் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் தவறாகக் கணித்தால், 6.5 குண்டுகூட நாற்பது சென்டிமீட்டர் அளவுக்கு விலகிப்போகும்.

வேட்டை என்ற சொல்லை இங்கே விட்டுவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மானுக்கு மட்டுமன்றி முயலுக்கும் காவல். அதை மனமார வரவேற்கிறேன். உயிரில்லா இலக்கின்மேல் பழகுவோர்க்கு இவ்வறிவியலின் ஒரு துளியும் குறைவதில்லை. 2016-இன் படைக்கல விதிகளின்படி, குழல்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. போட்டித் துப்பாக்கியின் அரைக் கிராம் ஈயக்குண்டு நொடிக்கு 170 மீட்டரில் செல்லும்போது கொள்ளும் ஆற்றல் எட்டு ஜூலுக்கும் குறைவு. முதல் துப்பாக்கி இதுவே ஆகட்டும். 10 மீட்டரில் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். மூச்சும் விரலும் அடங்காதவரை அது வசப்படாது. கடலூரில் 1999-இல் பிறந்து குசராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், இக்கருவியைக் கொண்டே 2019-இல் ரியோ உலகக் கோப்பைப் பொன்னை வென்றார். டோக்கியோ, பாரிசு ஒலிம்பிக்குகளிலும் களம் கண்டார். கூரையுள்ள சுடுதளத்தில் காற்றில்லை என்பதால் இதைத் தாழ்வாக எண்ணற்க. சுடுநரின் பிழையையும் காற்றின் பிழையையும் பிரித்தறிய, முதலில் தம் பிழையின் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது துப்பாக்கி .22. இதற்கு உரிமம் வேண்டும். பதிவுபெற்ற சங்கத்தின் சுடுதளமும் வேண்டும். சமதளமான நெய்வேலி நகரியத்தில் திறந்தவெளியில் சுடுவது பெருங்குற்றம். அச்சிறு குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் செல்ல வல்லது. மண்மேடின்றி ஒரு தோட்டாவும் வெடிக்கலாகாது. ஆயினும் காற்றைக் கற்பிக்க .22-ஐ விஞ்சியது இல்லை. பெரிய தோட்டா 300 மீட்டரில் காட்டும் விலகலை இது 100 மீட்டருக்குள்ளேயே காட்டிவிடும். செலவும் மிகக் குறைவு. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பாருங்கள்: ஆனி, ஆடிக் காலையில் மேல்காற்றில் கிழக்கே சாயும் புகை, பிற்பகலில் கடற்காற்று எட்டியதும் மேற்கே திரும்பும். அது உயரத்துக் காற்று. குண்டு செல்லும் மட்டத்துக் காற்றை அறியத் தொலைநோக்கியில் கானலைக் காண வேண்டும். கானல் நேராக எழுந்தால் குறுக்குக் காற்றில்லை. பக்கமாக ஓடினால் திசையும் வேகமும் அதிலேயே தெரியும்.

தோட்டா வாங்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். அதிவேக .22 நொடிக்கு 380 மீட்டர் அளவில் புறப்பட்டு, ராபின்ஸ் கண்ட அந்த ஒலிவேகத் தடையை வழியிலேயே எதிர்கொள்கிறது. அதனால் தாமதம் கூடி, மெதுவான தோட்டாவைவிடக் காற்றில் மிகுதியாக விலகுகிறது. 330 மீட்டர் வேகமுள்ள இயல்புத் தோட்டாவே பயிற்சிக்கு ஏற்றது. குளிர்நாட்டில் ஐந்து பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் 334 ஆதலால், இத்தோட்டாவும் அங்கே தடையின் விளிம்பில் தடுமாறும். நெய்வேலியின் 35 பாகை வெயிலில் ஒலி 352 மீட்டரில் செல்கிறது. குண்டுக்கும் அந்த விளிம்புக்கும் இடையே போதிய இடைவெளி இங்கு உண்டு.